நாய்க்கு லிஃப்ட் உண்டு, வேலைக்கு வரும் அக்காவுக்கு?

ஓசூர் அடுக்குமாடிகளில் நாய் வளர்க்கலாமா கூடாதா என்று சங்கக் கூட்டங்களில் சண்டை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது: பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் அப்படிப்பட்ட தடை செல்லாது என்றது. நல்லது. நாய் மேல் எங்களுக்கென்ன கோபம்? நாய் இல்லாத சேரித் தெரு உண்டா?

நாங்கள் கேட்பது வேறு. 'வீட்டு வேலையாட்கள் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒட்டுகிறார்களே, அதைக் கிழிக்க எந்த வாரியம் வரும்? பாத்திரம் தேய்க்கவும் கக்கூஸ் கழுவவும் எந்தத் தெருக்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். நோட்டீஸில் மட்டும் சாதி இருக்காது, 'வேலையாள்' என்றுதான் இருக்கும். அதுதான் சூட்சுமம். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் தூக்கிக்கொண்டு போனால், "இதில் சாதி எங்கே சார்?" என்பார்கள். அதற்குள் அந்த அக்கா எட்டாவது மாடிக்குப் படியேறி முடித்திருப்பார்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன் கீழ் வரும் சங்கங்களின் துணை விதிகளில் ஒரே ஒரு வரி வேண்டும்: பொது லிஃப்ட் எந்த மனிதருக்கும் மறுக்கப்படாது. கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதைத்தான் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போட வாருங்கள்.