யூத ஆலயத்திலும் ஓர் உபயம்!

ட்யூப் லைட்டின் பாதி நீளத்துக்கு 'உபயம்' என்று பெயின்ட் அடித்து, வெளிச்சத்தையே மறைத்துவிட்ட கோயில்கள் நம் ஊர்ப் பக்கம் எத்தனை! ஃபேன் இறக்கை, பித்தளை மணி, பிரசாத அண்டா என எதையும் நாம் விட்டுவைக்கவில்லை. இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதைப் பார்க்க வேண்டுமென்றால், ஓசூரில் காலை எறணாகுளம் ரயில் ஏறி மாலை கொச்சியில் இறங்கினால் போதும்.

மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி சினகாக், 1568-ல் கட்டப்பட்ட யூத ஜெபக்கூடம். உள்ளே போகிறவர்கள் நீலமும் வெள்ளையுமான சீனத்து ஓடுகளைப் பார்ப்பார்கள், தொங்கும் விளக்குகளைப் பார்ப்பார்கள். எபிரேய எழுத்துகளை மட்டும் 'ஏதோ வேதம்போல' என்று கடந்துவிடுவார்கள். சினகாக்கில் சிலை கிடையாது, சாமி படம் கிடையாது. அதனால் உலகின் பல சினகாக்குகளில் எழுத்துதான் முக்கிய அலங்காரம். அதில் ஒரு பகுதி வேதம். இன்னொரு பகுதி அசல் உபயம்.

தோரா என்ற வேதச் சுருள் இருக்கும் பேழைதான் அவர்களுக்குக் கருவறை மாதிரி. அதற்கு மேலே இரண்டு பலகைகள் இருந்தால், பத்துக் கட்டளைகளின் முதல் வார்த்தைகள் மட்டும் அதில் இருக்கும். பேழையின் திரையில் ஒரு கிரீடமும் இரண்டு எழுத்துகளும் தைத்திருந்தால், அது 'கெத்தெர் தோரா', அதாவது தோராவின் கிரீடம். கொச்சியில் நிஜமாகவே ஒரு தங்கக் கிரீடம் உண்டு, திருவிதாங்கூர் மகாராஜா தந்தது.

திரையின் கீழ்ப்பகுதியிலும், விளக்கின் விளிம்பிலும் பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள்தான் வரும். 'பென்' என்றால் மகன், 'பத்' என்றால் மகள். நாம் இனிஷியலில் சுருக்குவதை அவர்கள் முழுசாக எழுதுகிறார்கள். பெயருக்குப் பின்னால் இரண்டே எழுத்தில் ஒரு சுருக்கம் இருந்தால், 'அவர் நினைவு ஆசியாகட்டும்' என்று பொருள். நம் 'அமரர்' மாதிரி. பல நாடுகளில் கல்யாணப் பட்டையே பேழைத் திரையாகத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சோழர் காலத்தில் நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்களே, அதே ஆசைதான்.

வருஷத்தைப் படிப்பது இன்னும் சுவாரஸ்யம். எபிரேயத்தில் 22 எழுத்துகள், வலமிருந்து இடமாக. ஒவ்வொன்றும் ஓர் எண்ணும்கூட. பழைய தமிழ் எண்களில் 'க' போல 1, 'உ' போல 2, 'ய' போல 10 இருக்கிறதல்லவா, அப்படி. எட்டைக் குறிக்கும் எழுத்தையும் பத்தைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்தால் 'ஹய்', உயிர் என்று அர்த்தம். கூட்டினால் 18. அதனால் நாம் 101 ரூபாய் மொய் வைப்பதுபோல, அவர்கள் 18-ன் மடங்கில் கொடுப்பார்கள். கல்வெட்டுகளில் வேத வசனம் ஒன்றை எழுதி, சில எழுத்துகளுக்கு மேல் மட்டும் புள்ளி வைப்பதுண்டு. அவற்றைக் கூட்டினால் கட்டிய வருஷம் கிடைக்கும்! அது உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் யூத ஆண்டு. 3760-ஐக் கழித்தால் ஏறக்குறைய நம் காலண்டர் வரும்.

பரதேசி சினகாக்கின் சுவரில் பதித்திருக்கும் கொச்சங்காடிக் கல் அப்படித்தான் 5105 என்கிறது. அதாவது 1344-45. அந்த சினகாக் இப்போது இல்லை. கல் மட்டும்தான் இருக்கிறது. சேந்தமங்கலத்தில் 1269-ஐச் சேர்ந்த ஒரு கல்லறைக்கல் நிற்கிறது. 'சாரா பத் இஸ்ரேல்', இஸ்ரேல் என்பவரின் மகள் சாரா. அவர் யாரென்று சொல்ல அந்தக் கல்லைத் தவிர வேறு ஆள் இல்லை. அருகே பரவூரில் 1616-ல் சினகாக் கட்டியவர் பெயர் டேவிட் காஸ்தியேல் முதலியார். ஆமாம், முதலியார்தான்! கொச்சி ராஜ்ஜியத்தில் யூதர்களின் தலைவருக்கு அதுவே பட்டம்.

எதிர்த்திசை உதாரணமும் உண்டு. சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் 1000-ல் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடுகள். இந்த சினகாக்கில் பாதுகாக்கப்பட்டுவந்த அவற்றில் இருப்பது எபிரேயம் அல்ல, வட்டெழுத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நடுகற்களில் இருக்கிறதே, அந்த வட்டெழுத்து. 1760-ல் எழுந்த மணிக்கூண்டிலோ எபிரேயம், ரோமன், மலையாளம் என மூன்று வகை எண்கள். நாலைந்து மொழி போர்டுகளுக்கு நடுவே வளர்ந்த ஓசூர்க்காரர்களுக்கு இது சகஜம்தான்.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் மைசூர் ஆட்சியில் இருந்த காலத்துக் கதை ஒன்று மும்பையில் இருக்கிறது. கம்பெனிப் படையில் இருந்த சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்ற யூதர், திப்புவிடம் கைதியானார். திப்புவின் தாய் மனமிரங்கி உயிரைக் காப்பாற்றியதாக அவர் சமூகத்தார் சொல்கிறார்கள். ஊர் திரும்பி 1796-ல் அவர் கட்டிய சினகாக்கின் பெயர் 'ஷாஅர் ஹரஹமீம்', கருணையின் வாசல். அந்த ஏரியா ரயில் நிலையத்துக்கு 'மஸ்ஜித்' என்று பெயர் வந்ததே இந்தக் கட்டடத்தால்தான் என்பார்கள்.

இஸ்ரேல் உருவான பிறகு, 1950-களில் கேரள யூதர்களில் பெரும்பாலானோர் அங்கே போய்விட்டார்கள். வேதச் சுருளை முறைப்படி எடுத்து வாசிக்க வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துக்கே கொச்சியில் வெளியூர் ஆட்களை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் சினகாக் உட்புறத்தையே கழற்றிக் கொண்டுபோய் ஜெருசலேமின் இஸ்ரேல் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். யூதத் தெருவில் எபிரேய எழுத்துகளைக் கையால் தைத்து விற்ற சாரா கோஹன் 2019-ல் 96 வயதில் காலமானார். அவர் கடையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் நண்பர்.

போகிறவர்கள் கவனிக்க: சனிக்கிழமை ஓய்வுநாள், கதவு திறக்காது. செருப்பை வெளியே விட வேண்டும். எறணாகுளம் மார்க்கெட் பக்கத்துக் கடவும்பாகம் சினகாக்கையும் விட்டுவிடாதீர்கள். பல வருஷம் அதன் முன்பகுதியில் செடிகளும் மீன்தொட்டிகளும் விற்றார்கள், 2018-ல் மறுபடி தோரா வந்து சேர்ந்தது. பெயர்களை வலது பக்கத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள்.