முதலில் மின்பட்டியல், பிறகு தவணை

2022 ஓகஸ்டுக்கு முன் இலங்கையில் மாதம் 30 அலகு மின்சாரம் பாவித்த ஒரு வீட்டின் மின்பட்டியல் 105 ரூபாய். அலகுக்கு 2.50, நிலையான கட்டணம் 30. அந்த ஓகஸ்டில் அலகு 8 ரூபாயாகவும் நிலையான கட்டணம் 120 ரூபாயாகவும் உயர, பட்டியல் 360 ஆனது. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபாய், நிலையான கட்டணம் 400. பட்டியல் 1,300. ஒரு மின்குமிழைக்கூடக் கூடுதலாக எரிக்காத வீடு, ஏறத்தாழ ஆறே மாதத்தில் பன்னிரண்டு மடங்கு கட்ட வேண்டி வந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. நாட்சம்பளத்தில் பத்திலொரு பங்காக இருந்த மின்பட்டியல், ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் கட்டி முடியாத தொகையாக மாறியது.

இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் நமது சிக்கன கடனுதவிச் சங்கங்களின் கடனும் இருந்தது. அந்த ஆண்டுகளில் தவணை பிந்திய உறுப்பினர்களின் கோப்புகளைப் புரட்டினால் ‘வியாபார நட்டம்’, ‘வருமானக் குறைவு’, ‘ஒத்துழைப்பு இல்லை’ என்ற குறிப்புகளே மிகுதி. மின்சாரம், எரிவாயு, மண்ணெண்ணெய் என்ற சொற்களைக் காண்பது அரிது. எழுத இடமில்லாததே காரணம். நமது கடன் விண்ணப்பப் படிவங்களில் ‘மாதாந்தக் குடும்பச் செலவு’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் உறுப்பினர் ஒரு தொகையைச் சொல்கிறார், உத்தியோகத்தர் எழுதிக்கொள்கிறார். தவணை தாங்குமா தாங்காதா என்பதை அந்த ஒற்றை எண்ணை நம்பித்தான் தீர்மானிக்கிறோம்.

2022 பொருளாதார நெருக்கடியின் பின்னணியைச் சுருக்கமாக நினைவூட்டுவோம். 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி மிதக்கவிடப்பட்டது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 360ஐ எட்டியது. அந்த மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தி, 13.50 ஆகவும் 14.50 ஆகவும் ஆக்கியது. நான்கு நாள் கழித்து வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தல் நிறுத்தப்பட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பொருளாதாரம் 2022இல் 7 சதவீதத்துக்கு மேலும், 2023இல் 2.3 சதவீதமும் சுருங்கியது.

வட்டியை உயர்த்தியது தவறு என்று நாம் சொல்லவில்லை. பணம் அச்சிட்டு அரசின் செலவை ஈடுகட்டிக்கொண்டிருந்த நாட்டில் அதை நிறுத்துவதற்கு அந்தக் கடும் நடவடிக்கை தேவைப்பட்டது. தாமதித்துச் செய்ததால்தான் அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டி வந்தது. ஆனால் வட்டி உயர்வு டீசலையும் நிலக்கரியையும் மலிவாக்காது. மக்கள் கையிலுள்ள பணத்தைக் குறைத்து, கேள்வியைக் குறைத்து, அதன் வழியாகவே அது விலையை அடக்கும். கையில் ஏற்கெனவே பணமில்லாத குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன? வேலை நாட்கள் குறைந்தன. புதுக் கடனுக்கு வட்டி ஏறியது. எரிபொருளும் மின்சாரமும் டொலரோடு சேர்ந்து ஏறின. மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு 60 குடும்பங்களின் மாத வருமானம் நெருக்கடியால் குறைந்தது தெரியவந்தது. செலவு கூடிய குடும்பங்கள் நூற்றுக்கு 91.

நமது உறுப்பினர்களில் பலருக்கு எரிசக்தி என்பது வீட்டுச் செலவோடு நிற்பதில்லை. அது தொழிலின் மூலப்பொருள். வடக்கின் கரையோரங்களில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. இருபது லீற்றர் ஊற்றிக் கடலுக்குப் போகிறவர் முன்பு 1,740 ரூபாய் செலவழித்தார், பிறகு 6,800. பாடு வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும் அந்தச் செலவு செலவுதான். ‘வலை வாங்க’ என்று நாம் கொடுத்த கடனின் மதிப்பீட்டில் வலையின் விலை இருந்தது, மீனின் விலை இருந்தது. மண்ணெண்ணெய் விலை மாறினால் என்னாகும் என்ற கணக்கு இருக்கவில்லை.

காலையில் இடியப்பமும் தோசையும் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கங்களின் ‘சிறுதொழில்’ கடன்களில் இவர்களுக்குரிய பங்கு பெரிது. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் இறுதியில் 4,860. இடியப்பத்தின் விலையை மூன்று மடங்காக்கினால் வாங்க ஆளில்லை. பலர் விறகுக்கு மாறினார்கள். விறகடுப்பில் அதே நேரத்தில் அதே எண்ணிக்கை அவிக்க முடியாது. புகையில் நெஞ்சு வலியும் சேர்ந்தது. உற்பத்தி குறைந்தது, தவணை மட்டும் குறையவில்லை.

கட்டணக் கொள்கை பற்றி ஒரு வார்த்தை. மின்சார சபையின் செலவை ஈடுசெய்யும் விலை வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் உறுதியான உடன்பாட்டின் அடிப்படைகளில் ஒன்று. ஒன்பது ஆண்டுகள் கட்டணத்தை உயர்த்தாமல் விட்டதன் விளைவை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும். ஆனால் மிகக் குறைவாகப் பாவிக்கும் வீட்டின் பட்டியலை மிக உயர்ந்த விகிதத்தில் ஏற்றியது அநீதி. அதே வீட்டின் பட்டியலை அதே ஆண்டு ஜூலையில் 450 ரூபாயாகக் குறைக்க முடிந்தது என்றால், இடைப்பட்ட மாதங்களில் 1,300 அறவிட்டதற்கு நியாயம் சொல்வது கடினம். அந்த மாதங்களில் இணைப்புத் துண்டிக்கப்பட்ட வீடுகளுக்குப் பிந்திய குறைப்பு எந்த ஈட்டையும் தரவில்லை.

துண்டிப்பு என்பது கடன் கொடுப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விடயம். மின்சாரம் போனால் தையல் இயந்திரத்தின் மோட்டார் நிற்கும். சில்லறைக் கடையின் குளிர்சாதனப் பெட்டி நின்று பாலும் ஐஸ் பழமும் கெடும். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பம்பி நிற்கும். நிலுவையோடு மீளிணைப்புக் கட்டணமும் கட்டினால்தான் மீண்டும் வெளிச்சம். அந்தத் தொகைக்கு நகை அடகுக்குப் போகும், அல்லது நாள் வட்டிக்காரர் வாசலுக்கு வருவார். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனை அரசே தலையிட்டுத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அந்தக் கடன் வலையும் ஒன்றை அடைக்க இன்னொன்று என்றுதான் பின்னப்பட்டது.

இதனால்தான் சொல்கிறோம்: நெருக்கடி மாதத்தில் உறுப்பினரிடம் இருப்பது ஒரு தொகைதான் என்றால், அதை முதலில் மின்பட்டியலுக்குக் கட்டச் சொல்லுங்கள். தவணை அடுத்த மாதம் வரட்டும். உழைக்கும் வழி அறுந்த பிறகு எந்தத் தவணையும் வராது.

சில முகாமையாளர்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள். அவர்களது கவலை நியாயமானது. சங்கத்தின் பணம் உறுப்பினர்களின் சேமிப்பு. 70 சதவீதப் பணவீக்கத்தில் அந்தச் சேமிப்பின் பெறுமதி கரைந்ததை எவரும் ஈடுசெய்யவில்லை. ஆகவே தள்ளுபடி கேட்கவில்லை. தண்டவட்டி போடாமல், தவணைக் காலத்தை நீட்டிக் கொடுக்கும் அதிகாரம் கடன் குழுவுக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும் என்றே கேட்கிறோம். மின்கட்டண நிலுவையை அடைப்பதற்கென்று குறைந்த வட்டியில், மூன்று நான்கு மாதத்தில் தீரும் ஒரு சிறு அவசரக் கடனும் வேண்டும்.

வட்டி பற்றியும் பேசியாக வேண்டும். 2022 இறுதியில் 91 நாள் திறைசேரி உண்டியலின் வட்டி 33 சதவீதம் வரை போனது. அப்போது வங்கிகளின் வைப்பு வட்டியோடு போட்டியிட வேண்டியிருந்த சங்கங்கள் கடன் வட்டியையும் உயர்த்தின. அது புரிகிறது. ஆனால் 2023 ஜூனில் கொள்கை வட்டி குறையத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். ஓராண்டு கழித்து விலைகள் முந்திய ஆண்டைவிடச் சற்று இறங்கியே இருந்தன. விலை 70 சதவீதம் ஏறும் காலத்தில் 28 சதவீத வட்டி கடன்பட்டவருக்குச் சாதகம். விலை ஏறாத காலத்தில் அதே 28 சதவீதம் முழுச்சுமை. நிலையான வட்டியில் நீண்டகாலக் கடன் எடுத்தவர்கள் இந்த இரண்டாவது நிலையில் மாட்டிக்கொண்டார்கள். வைப்பு வட்டியைக் குறைத்த கையோடு பழைய கடன்களின் வட்டியையும் மீளாய்வு செய்யாத சங்கம், கூட்டுறவு என்ற பெயருக்குரிய கடமையைச் செய்யவில்லை.

இனி நடைமுறை. விண்ணப்பப் படிவத்தில் எரிசக்திக்குத் தனி வரி வையுங்கள். கடைசி மூன்று மாத மின்பட்டியலைக் கையில் வாங்கிப் பாருங்கள். சொன்ன கணக்கை எழுதாதீர்கள். மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே உயர்ந்த வீதம் விழுகிறது. 62, 63 அலகில் நிற்கும் குடும்பத்திடம் அதை எடுத்துச் சொன்னாலே மாதப் பட்டியல் கணிசமாகக் குறையும். கள உத்தியோகத்தர் மீற்றர்ப் பட்டியலை வாசிக்கப் பழக வேண்டும். பாஸ்புத்தகத்தை வாசிப்பது போலவே இதுவும் நம் வேலை. படகு, அடுப்பு, பம்பி சார்ந்த தொழில்களுக்கு எரிபொருள் விலை இப்போதுள்ளதைவிட ஒன்றரை மடங்கானால் தவணை தாங்குமா என்று இன்னொரு தடவை கணக்கிட்டுப் பாருங்கள். தாங்காது என்றால் கடனை மறுக்க வேண்டாம். தவணையைச் சிறிதாக்குங்கள், காலத்தைக் கூட்டுங்கள்.

மின்கட்டணம் இப்போது குறிப்பிட்ட கால இடைவெளியில் திருத்தப்படுகிறது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்தது, ஜூனில் 15 சதவீதம் கூடியது. அடுத்த உயர்வுக்கு முன் நமது படிவங்களும் விதிகளும் மாறியிருக்க வேண்டும். உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு தீர்மானமாகச் சேருங்கள்.