படிக்க வந்த சரமும் இயங்கப் பார்க்கும் சரமும்

பைத்தான் நிரலில் ஒரு லிஸ்ட்டை ஃபைலில் எழுதி வைத்துவிட்டு மறுபடி படித்தால், திரும்பி வருவது லிஸ்ட் அல்ல, வெறும் சரம். சிஎஸ்வி ஃபைலின் ஒரு கட்டத்தில் ['சென்னை', 'மதுரை'] என்று இருக்கும். பார்வைக்கு அது லிஸ்ட்தான். ஆனால் அதன் முதல் உறுப்பைக் கேட்டால் சென்னை வராது. சதுர அடைப்புக்குறி வரும். எழுத்துகளாகக் கிடக்கும் இதை மறுபடி தரவுக் கட்டமைப்பாக்க வேண்டும்.

பலருக்கும் முதலில் கைக்கு வருவது ஈவல் என்ற ஃபங்ஷன். ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஈவல் சரத்தைத் தரவாகப் படிப்பதில்லை, நிரலாக இயக்குகிறது. லிஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஓஎஸ் மாட்யூலை இறக்கி ஃபைல்களை அழிக்கச் சொல்லும் கோவையை யாராவது வைத்திருந்தால், அதையும் நிறைவேற்றிவிடும். உள்ளமைந்த ஃபங்ஷன்களை எல்லாம் மறைத்துவிட்டு ஈவலைக் கூப்பிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது காவல் ஆகாது. ஒரு காலி டியூப்பிள் இருந்தாலே அதன் கிளாஸ், அதற்கு அடிப்படையான ஆப்ஜெக்ட் கிளாஸ், அதிலிருந்து கிளைத்த அத்தனை கிளாஸ்கள் என்று ஏறி இறங்கி, மறைத்ததைத் தேடிப் பிடித்துவிடலாம். வெளியிலிருந்து வரும் எந்தச் சரத்தையும் ஈவலிடம் கொடுக்கவே கூடாது.

2008இல் வந்த பைத்தான் 2.6, ஏஎஸ்டி மாட்யூலில் லிட்டரல் ஈவல் என்ற ஃபங்ஷனைத் தந்தது. இது சரத்தை இலக்கண மரமாகப் பிரித்துப் பார்ப்பதோடு சரி, எதையும் இயக்காது. எண், சரம், பைட்ஸ், லிஸ்ட், டியூப்பிள், டிக்ஷனரி, செட், ட்ரூ, ஃபால்ஸ், நன் ஆகியவற்றை ஏற்கும். ஃபங்ஷன் அழைப்பு தென்பட்டால் வேல்யூ எரர் எழுப்பி நின்றுவிடும். டேட்டைம் ஆப்ஜெக்ட்டை அப்படியே எழுதி வைத்திருந்தால் அதுவும் இதே காரணத்தால் மறுக்கப்படும். மேற்கோள் குறி இல்லாமல் nan என்று கிடக்கும், 'எண் அல்ல' எனப் பொருள்படும் மதிப்புக்கும் அதே கதி.

இதற்கும் எல்லை உண்டு. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக மிக ஆழமாகப் பின்னிய சரம், நினைவகத்தையோ ஸ்டாக்கையோ தீர்த்து நிரலையே விழவைக்கலாம். பைத்தானின் ஆவணமே இதை எச்சரிக்கிறது. முகம் தெரியாதவர் அனுப்பும் சரமென்றால் முதலில் நீளத்தை அளந்துவிட வேண்டும்.

எழுதும் இடமும் நம் கையில் இருந்தால் ஜேசான் என்ற தரவு வடிவமே நல்லது. ஜாவாஸ்கிரிப்டிலும் ஒரு காலத்தில் ஜேசானை ஈவல் கொண்டுதான் படித்தார்கள். 2009இல் வந்த எக்மாஸ்கிரிப்ட் 5 அதற்கென்றே பார்ஸ் ஃபங்ஷனைத் தரநிலையில் சேர்த்தது. ஆனால் ஜேசானில் போய்த் திரும்பும் டியூப்பிள் லிஸ்ட்டாகும், டிக்ஷனரியில் எண்ணாக இருந்த சாவி சரமாகும். ஒற்றை மேற்கோளை அது ஏற்காது. அதற்காகப் பைத்தான் சரத்தில் ஒற்றை மேற்கோளை எல்லாம் இரட்டையாக மாற்றுவது தவறு: டி'சோசா என்ற ஒரு பெயர் வந்தாலே சரம் உடைந்துவிடும்.

பிக்கிள் வடிவமும் படிக்கும்போதே நிரலை இயக்கக்கூடியது. நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்தால் திறக்கக் கூடாது. யாமல் வடிவத்தைப் பாதுகாப்பாகப் படிக்க சேஃப் லோட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

பிழையின்றிப் படித்து முடித்த பிறகும் ஒரு சோதனை பாக்கி. லிஸ்ட்டை எதிர்பார்த்த இடத்தில் வெறும் 5 என்று இருந்தாலும் லிட்டரல் ஈவலும் ஜேசானும் முணுமுணுக்காமல் எண்ணைத் தந்துவிடும். வந்தது லிஸ்ட்தானா, உள்ளே இருப்பவை சரங்கள்தானா, வேண்டிய சாவிகள் இருக்கின்றனவா என்பதை நிரலே தனியாகப் பார்க்க வேண்டும்.