பெட்டிகளை எண்ணுங்கள்

போன வருடம் வடக்கே போன ஒரு வண்டியில் எனக்கு ஸ்லீப்பரில் லோயர் பர்த். நடுராத்திரி விழித்துப் பார்த்தால் கால்மாட்டில் ஒரு பையன். இருபது வயசு இருக்கும். மடியில் பையை வைத்துக்கொண்டு தூங்கி வழிகிறான். "உட்டோ பாய்" என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்து கக்கூஸ் பக்கம் போய் நின்றுகொண்டான். காலையில், நடக்க வழியில்லாமல் நிரம்பிக் கிடந்த அந்தப் பெட்டியைப் படமெடுத்து 'வடக்கன்ஸ்' என்று எழுதிப் போட்டேன். லைக் அள்ளியது. இப்போது அதை அழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

காசு கொடுத்தவன் கால் நீட்டிப் படுக்க இடம் கேட்பது நியாயம்தான். ஆனால் கேட்க வேண்டிய ஆள் அந்தப் பையன் இல்லை.

1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே ஒரு சோசலிஸ்ட். இரண்டாம் வகுப்பின் மரப்பலகை பர்த்துகளில் இரண்டு அங்குல நுரைமெத்தை போட வைத்தவர் அவர்தான். சாதாரண ஜனங்களின் முதுகும் முதுகுதான் என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்ட தருணம் அது. இன்று நாம் படுப்பது அந்த இரண்டு அங்குலத்தில்தான்.

இப்போது நடப்பது அதற்கு நேர் எதிர். பல வண்டிகளில் ஸ்லீப்பர் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மூன்றடுக்கு ஏசியை மாட்டினார்கள். கணக்கு எளிது. புதிய எல்ஹெச்பி ஸ்லீப்பர் பெட்டியில் 80 படுக்கை. மூன்றடுக்கு ஏசியில் 72. கட்டணமோ ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆள் குறைவு, வசூல் அதிகம். பெருமையாகக் காட்டப்படும் வந்தே பாரத்தில் ஏசி இல்லாத பெட்டி ஒன்றுகூடக் கிடையாது.

"இந்த வெயிலில் ஏசி கேட்பது தப்பா?" என்பீர்கள். இல்லை. கூடுதலாகச் சேர்க்கட்டும், பறித்துச் சேர்க்க வேண்டாம். அம்ரித் பாரத் என்று ஏசி இல்லாத வண்டிகளும் வருகின்றன, 2024இல் பொதுப் பெட்டிகளைக் கூட்டுவதாகவும் அறிவித்தார்கள். நல்லது. குறைத்தது தப்பு என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பொதுப் பெட்டியில் ஒற்றைக்காலில் நிற்கக்கூட இடமில்லாதவன் ஸ்லீப்பரில் ஏறுகிறான். ஸ்லீப்பரில் படுக்க முடியாத நான் கடன் வாங்கியாவது ஏசிக்குத் தாவுகிறேன். உடனே, 'மக்கள் ஏசியைத்தான் விரும்புகிறார்கள்' என்று புள்ளிவிவரம் வருகிறது. துரத்திவிட்டு, 'தானாகப் போனான்' என்று எழுதிக்கொள்கிற கணக்கு இது.

அந்தப் பையன் ஏதோ ஒரு ஊரில் கட்டடம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. எழுப்பத்தான் தெரிந்தது.

அடுத்த முறை கூட்டத்தைப் பார்த்து போனைத் தூக்குமுன் பிளாட்பாரத்தில் இறங்கி, வண்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை நடங்கள். ஏசி எத்தனை, ஸ்லீப்பர் எத்தனை, பொதுப் பெட்டி எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைப் படமெடுத்துப் போடுங்கள். லைக் குறைவாகத்தான் விழும். பரவாயில்லை.