பலகையும் பாதமும்

கிளியூர் என்றதும் பலருக்கும் அருவியே நினைவுக்கு வரும். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர் சுமார் 300 அடி ஆழத்துக்கு விழும் இடம் அது. கடலுக்கும் அவ்வூருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆயினும் சென்ற கார்த்திகை மாதத்தில் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில், காப்பிக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே, கடலில் சறுக்கும் பலகை ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கக் கண்டோம். ஓர் ஆள் நெஞ்சுயரம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம், நடுவில் இரண்டு கால் மெத்தைகள். கரும்பலகையையே கண்டு பழகிய நமக்கு அது என்னவென்று விளங்கச் சற்று நேரம் ஆயிற்று.

வீட்டுக்காரர் நம்மிடம் இளங்கலைத் தமிழ் படித்தவர். இப்போது இராமநாதபுரம் கடற்கரையில் நீர் விளையாட்டுப் பயிற்சி தரும் ஓரிடத்தில் பணியாற்றுகிறார். மழைக்காலத்தில் காற்று நிலைகொள்ளாத வாரங்களில் ஊருக்கு வந்து, காப்பிப் பழம் பறிக்கப் பெற்றோருக்கு உதவிவிட்டுத் திரும்புவார். இம்முறை அவரால் மரத்தடியில் நிற்கவும் இயலவில்லை. வலது முழங்காலில் துணி சுற்றியிருந்தார்.

"என்னப்பா, சரிவில் வழுக்கிவிட்டதா?" என்றோம்.

"இல்லைங்க ஐயா. இந்தப் பலகைதான்" என்று திண்ணையைக் காட்டினார்.

மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, கைமாறி வந்த அப்பலகையை வாங்கியிருக்கிறார். போட்டி வீரர்கள் பயன்படுத்துவது, இதைவிடத் திறன் மிக்கது வேறில்லை என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். சொன்னது பொய்யன்று என்பதே இதில் வேடிக்கை. அந்த முழங்காலும் அந்தப் பலகையும் நம்மைச் சில வாரங்கள் யோசிக்க வைத்தன. அவர் வாயால் கேட்டவற்றையும், பின்பு தேடிப் படித்தவற்றையும் கொண்டு நாம் வந்தடைந்த ஒரு கருத்தை இங்கே முன்வைக்கிறோம்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கைட்போர்டிங் என்பது பெரிய பட்டம் ஒன்றை வானில் பறக்கவிட்டு, அதன் இழுவிசையால் பலகைமேல் நின்றபடி நீரில் சறுக்கும் விளையாட்டு. பட்டத்தின் கயிறுகள் ஒரு கைப்பிடிக் கோலில் முடிகின்றன. அக்கோல் ஆடுபவரின் இடுப்புக் கச்சையிலுள்ள கொக்கியில் மாட்டப்படுகிறது. பிரான்சு நாட்டின் லெகேஞூ சகோதரர்கள் இருவர், நீரில் விழுந்தாலும் மீண்டும் எழக்கூடிய காற்றடைத்த பட்டத்துக்கு 1984ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினர். 1990களின் பிற்பகுதியில் அது சந்தைக்கு வந்த பிறகே இவ்விளையாட்டு உலகெங்கும் பரவிற்று. இன்று தூத்துக்குடியிலும் இராமேசுவரத்தை ஒட்டிய கரைகளிலும், பாக் நீரிணைக்கு அப்பால் மன்னாரிலும் கற்பிட்டியிலும் இப்பட்டங்களைக் காணலாம். கைட்போர்டைத் தமிழில் 'பட்டப்பலகை' எனலாமே என்று தோன்றியது. பட்டம் வழங்கும் தொழிலில் இருப்பவர்கள் அச்சொல்லைச் சற்று எச்சரிக்கையோடு ஆளவேண்டும் என்பதால் இங்கே 'பலகை' என்றே எழுதுகிறோம்.

பலகைகளில் பல வகை உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற பட்டப் போட்டியில், நீருக்கடியில் சிறகு பொருத்தி நீர்மட்டத்துக்கு மேலே எழும் பலகைகள் ஓடின. நம் கரைகளில் கற்பவர்களுக்கு உரியது அதுவன்று. முன்பின் என்ற பேதமின்றி இருபுறமும் ஒன்றுபோல் அமைந்த இருமுனைப் பலகையே அவர்களுக்குரியது. அதிலும் இரு பெரும் பிரிவுகள். கொக்கியைக் கழற்றிவிட்டு அந்தரத்தில் சுழன்று, கைப்பிடிக் கோலை முதுகுக்குப் பின்னால் கை மாற்றிப் பிடித்து இறங்கும் சாகச ஆட்டத்துக்கு உரியது ஃப்ரீஸ்டைல். கொக்கி மாட்டியபடி விரும்பிய திசையில் ஓடி, காற்றை எதிர்த்து மேலேறி, தோன்றியபோது தாவி மகிழ்வது ஃப்ரீரைட்.

சந்தையின் பேச்சில் முதலாவது 'திறன்' எனப்படுகிறது, இரண்டாவது 'சொகுசு' எனப்படுகிறது. இளைஞர் எவராவது சொகுசைத் தேர்ந்தெடுப்பாரா? அச்சொல்லிலேயே ஒரு முதுமையும் சோம்பலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திறனும் சொகுசும் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கப்படும் இப்பிரிவினையே பிழை என்பது நம் துணிபு.

பலகையைச் சற்று உற்றுப் பார்ப்போம். தரையில் வைத்தால் நடுப்பகுதி தாழ்ந்து, இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அவ்வளைவு குறைவாக இருந்தால் பலகை மெல்லிய காற்றிலும் விரைவில் சறுக்கத் தொடங்கும், காற்றை எதிர்த்து எளிதாக மேலேறும். வளைவு மிகுந்தால் நீரை முன்தள்ளிக்கொண்டு மெதுவாக ஓடும். ஆனால் உயரத்திலிருந்து இறங்கும்போது நீரில் அறையாமல் பதமாக அமரும். அடுத்தது நெகிழ்வு. விறைப்பான பலகை விளிம்பில் அழுத்தி விடுபடும்போது ஆடுபவரை வில்லெனத் தூக்கி எறியும். அதே விறைப்பு, சிற்றலைகள் நெருங்கிய நீரில் ஒவ்வோர் அலையின் அடியையும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் அப்படியே கடத்தும். நெகிழ்வான பலகை அவ்வடிகளைத் தானே வாங்கிக்கொள்ளும். எனினும் தூக்கி எறியும் விசை அதில் குறையும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாகசப் பலகையின் மிகுந்த வளைவு எதற்காக? இறங்கும் உடலுக்கு அடி படாமலிருக்க. அதுவும் சொகுசுதான். உலாப் பலகையின் குறைந்த வளைவு எதற்காக? காற்றை வீணாக்காமல் ஓட. அதுவும் திறன்தான். ஆக, சொகுசு இல்லாத திறன் பலகையும் இல்லை, திறன் இல்லாத சொகுசுப் பலகையும் இல்லை. ஒவ்வொன்றும் தன் தொழிலில் சொகுசானது. பிறிதொரு தொழிலில் புகுத்தும்போதுதான் அது காலைப் பழிவாங்குகிறது.

நம் மாணவருக்கு நேர்ந்தது அதுவே. இராமேசுவரத்துக்காரர்கள் தம் தீவின் இருபுறக் கடலுக்கும் இரு பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் நீரிணை பெண்கடல். ஆண்கடல் பொதுவாகக் கொந்தளிப்பது, பெண்கடல் அடங்கியது. தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் தரையின் மறைவிலுள்ள வடகரை நீர் தட்டையாகக் கிடக்கும். வாடை வீசும் மாதங்களிலோ நிலை தலைகீழாகி, பெண்கடலும் சீறும். விறைப்பான சாகசப் பலகைக்கு ஏற்றது தட்டை நீர். இவரோ பகலெல்லாம் பிறருக்குக் கற்பித்துவிட்டு, வேலை முடிந்த மாலையில், எந்தக் கரையில் நிற்கிறாரோ அந்தக் கரையின் அலைகளில் அதை ஓட்டியிருக்கிறார். கொக்கியைக் கழற்றி ஆடும் ஆட்டம் ஒன்றையும் அவர் இன்னும் கற்கவில்லை. சாகசத்தின் பலன் ஏதும் கிட்டாமல் அதன் வலி மட்டும் கிட்டியது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. கடினமான கருவியில் பழகினால்தானே கை தேறும், மென்மையானதில் பழகியவன் சோம்பித்தானே போவான் என்பார்கள். வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக இதே வாதத்தைக் கேட்டு வருகிறோம். யாப்பு கற்பிக்கும் முதல் நாளிலேயே வெண்பா எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. தளை தட்டாமல் நாலடி எழுத முயன்று தோற்ற மாணவன் அடுத்த வாரம் செய்யுளையே வெறுக்கத் தொடங்குவான். ஆசிரியப்பாவின் நெகிழ்வில் ஓசையைச் செவிக்குப் பழக்கிக்கொண்டவனோ பின்னாளில் வெண்பாவையும் எட்டிப் பிடிப்பான். பிடிக்காவிட்டாலும் குறையொன்றுமில்லை. சங்கப் பாடல்களுள் மிகப் பெரும்பாலானவை ஆசிரியப்பாவில் அமைந்தவையே. அவற்றை வெண்பாவை எட்டமுடியாதவர்களின் பாடல்கள் என்று எவரும் சொல்வதில்லை. ஃப்ரீஸ்டைல் ஒரு பாவகை, ஃப்ரீரைட் இன்னொரு பாவகை. ஒன்று மற்றொன்றன் மேற்படியன்று.

சொகுசு என்பதைச் சோம்பலின் பெயராக அன்றிக் கற்றலின் அடிப்படையாகக் காணவேண்டும். பாதம் நோகாதவர் இரண்டு மணிநேரம் நீரில் நிற்பார், நோகிறவர் இருபது நிமிடத்தில் கரையேறுவார். இவ்விருவருள் யார் விரைவில் தேறுவார் என்பதற்குக் கணக்குத் தேவையில்லை. இச்சொகுசின் பெரும்பகுதிக்குக் காசும் தேவையில்லை. கால் மெத்தைகளைத் திருகாணி கழற்றி நகர்த்தலாம். இரு பாதங்களுக்கும் இடையிலான தொலைவையும், பாதங்கள் வெளிநோக்கித் திரும்பும் கோணத்தையும் அவரவர் இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஏற்ப மாற்றலாம். வாரை இறுக்கினால் பாதம் மரத்துப்போகும், தளர்த்தினால் பலகை நழுவும். இரண்டுக்கும் இடையில் அவரவர்க்கு ஓர் அளவு உண்டு. நம் மாணவரின் பலகையில் மெத்தைகள் முன்பு வைத்திருந்தவரின் காலளவுக்கே பொருத்தப்பட்டிருந்தன. இவர் அவரைவிடக் குள்ளமானவர். ஓராண்டு முழுவதும் இன்னொருவர் நின்ற நிலையிலேயே நின்றிருக்கிறார். விற்றவரும் சொல்லவில்லை, இவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கேட்கத் தோன்றாமைக்குக் காரணம் என்ன? இங்கேதான் நம் துறை குறுக்கிடுகிறது. பலகையைப் பற்றி அவர் படித்தவை அனைத்தும் ஆங்கிலத்தில், குளிர்நாட்டுக் கடல்களில் ஆடுவோருக்காக எழுதப்பட்டவை. அம்மொழியில் கேள்வி கேட்க அவருக்குத் தயக்கம். தமிழில் கேட்கவோ சொற்கள் இல்லை என்று நினைத்திருக்கிறார். உண்மையில் சொற்கள் அவர் நின்ற கரையிலேயே கிடந்தன. பலகையின் முனைவளைவை ராக்கர் என்று சொல்லிக் கரையூர்ச் சிறுவர்களுக்கு விளக்க முயன்று தோற்றாராம். அருகில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "கட்டுமரத்து அணியம் தூக்கி நிக்குதுல்ல, அதுதாண்டா" என்றதும் சிறுவர்கள் தலையாட்டினார்களாம்.

கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். இலேசான மரங்கள் சிலவற்றைக் கயிற்றால் பிணைத்தது. அணியம் மேல்நோக்கி வளைந்தது, அதுவே வளைவு. ஆணி அடிக்காமல் கட்டப்பட்டதால் அலைக்கேற்ப அசைந்து கொடுப்பது, அதுவே நெகிழ்வு. மரங்களின் இடுக்கில் நீர் ஏறி இறங்குவதால் அலையோடு முட்டாமல் அதற்கு வழிவிடுவது. கரைக்கு வந்தால் அவிழ்த்து உலர்த்தலாம். பார்வைக்குச் சொகுசே அற்ற அக்கலம், கரையுடைக்கும் பேரலைகளைத் தாண்டிச் செல்லும் திறனைப் பெற்றது அதன் விட்டுக்கொடுக்கும் இயல்பினால்தான். அதன் பெயர் உலக மொழிகளுக்குள் புகுந்து, வேறு வகைப் படகைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன. பாய் போனபோது வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைத்த வழக்கும் தளர்ந்து வருகிறது. பட்டம் பறக்கவிடும் இளைஞர்களோ மீண்டும் காற்றையே நம்பி நிற்பவர்கள். அச்சொற்களைக் காப்பதற்கு அகராதியைவிட நல்ல இடம் அவர்கள் நாக்குதான்.

ஆகவே நம் கருத்து இதுதான். பலகை வாங்குபவர் அதன்மேல் எழுதியுள்ள பெயரைப் பார்க்கவேண்டாம். நான் ஓட்டும் கடல் எது, எந்தக் காற்றில் ஓட்டுகிறேன், என் எடை என்ன, என் முழங்கால் எவ்வளவு தாங்கும், நான் உண்மையில் ஆடும் ஆட்டம் எது என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். பெரும்பாலோருக்கு விடை, அளவான வளைவும், நடுவில் உறுதியும் முனைகளில் நெகிழ்வும் கொண்ட இடைப்பட்ட பலகை ஒன்றாகவே இருக்கும். கற்பிப்பவர்களும் விற்பவர்களும் இக்கேள்விகளைத் தமிழில் கேட்கப் பழகட்டும். ஓர் இளைஞரின் மூன்று மாதச் சம்பளமும் ஒரு முழங்காலும் அதனால் மிஞ்சும்.

நல்ல பலகைகள் பலவற்றின் உள்ளீடு இன்றும் மரம்தான் என்று அறிந்தபோது நமக்கு வியப்பாக இருந்தது. பௌலோனியா என்னும் இலேசான மரத்தை நடுவில் வைத்து, மேலும் கீழும் கண்ணாடி இழையோ கரி இழையோ பொதிகிறார்கள். கிளியூர்த் திண்ணையில் அதைத் தட்டிப் பார்த்தோம், மரத்தின் ஒலிதான் கேட்டது. நெய்தலுக்குரிய பொருள் குறிஞ்சிக்கு வந்து நிற்கிறதே என்று முதலில் தோன்றியது திணை மயக்கம் கற்பித்த பழக்கத்தால்தான்.

அன்று மாலை நாமும் மாணவருமாகத் திருகாணிகளைக் கழற்றி, மெத்தைகளை ஒரு துளை உள்ளே நகர்த்திப் பூட்டினோம். வெறுந்தரையில் அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். "இப்பத்தாங்க ஐயா இது என் பலகை மாதிரி இருக்கு" என்றார். அதை விற்றுவிட்டு வேறு வாங்குவதா, முழங்கால் தேறியபின் தட்டை நீரில் மட்டும் ஓட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அம்முடிவை அவருடைய கால்தான் எடுக்கவேண்டும்.