நாலு சக்கரமும் சுத்தும் சரி... நிக்குமா?

நம்மாட்கள் டெல்லி, சண்டிகர் பக்கம் வந்து நாலு வருஷம் ஆனால் ஒரு வியாதி வரும். ஜனவரியில் சொந்த வண்டியிலேயே சோலங் போய் பனிச்சறுக்கு ஆடிவிட்டு வரணும். "டாக்ஸி எதுக்கு சார், என்னோடது ஃபோர் பை ஃபோர்!" அந்த வண்டியின் லோன் ஃபைலில் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் கொஞ்சம் பேச எனக்கும் உரிமை உண்டு.

ஐயா சாமி, ஃபோர் பை ஃபோர் வண்டியைக் கிளப்பத்தான். பிரேக்கை மிதித்த பிறகு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. பிரேக் நாலு சக்கரத்துக்கும் மாருதி 800-லேயே இருந்தது! உறைந்த ரோட்டில் வண்டி நிற்க, காய்ந்த ரோட்டைப்போல் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம். பிடிப்பு டயரில் இருக்கிறது. வெயிலுக்குச் செய்த ரப்பர் குளிரில் கட்டையாகிவிடும். பனி விழும் நாட்களில் மணாலி தாண்டி நேரு குண்ட் பக்கம் போலீஸ் ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மட்டும் விடுவது உண்டு. அதை நம்மாட்கள் டிரைவிங் சர்டிபிகேட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். டயரில் சங்கிலி இருக்கா என்பதல்லவா முதல் கேள்வி?

நான் பட்டவன், அதான் சொல்கிறேன். சோலங்கிலிருந்து சாயங்காலம் இறங்கும்போது தேவதாரு நிழலில் ஒரு வளைவு. ரோடு ஈரம் என்று நினைத்தேன். ஐஸ்! பிரேக்கை மிதித்தால்... ஸ்டியரிங்கை வண்டி மதிக்கவே இல்லை. பின்சீட்டில் பாடிக்கொண்டிருந்த பையன் சட்டென்று நிறுத்திவிட்டான். நல்லவேளை, ஓரத்தில் குவித்திருந்த பனியில் முட்டி நின்றோம். வீட்டம்மா ராத்திரி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் சங்கிலி கட்டின பழைய டாக்ஸியில் வந்தவர் இறங்கி வந்து சொன்னது இவ்வளவுதான்: வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு வா, வளைவில் பிரேக்கைத் தொடாதே.

2024 டிசம்பர் கடைசியில் சோலங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவில் சுமார் ஆயிரம் வண்டிகள் பனியில் மாட்டின. மாட்டினால் ஹீட்டரைப் போட்டுத் தூங்கிடலாம் என்கிறார் ஒரு நண்பர். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரியில் அப்படிச் சிக்கிய வண்டிகளுக்குள்ளேயே இருபது பேருக்கு மேல் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. புகைக்குழாயைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனைகூட இருக்காது.

வண்டியை மணாலியிலேயே விடுங்கள். சங்கிலி கட்டின டாக்ஸியில் போய், மூணு மணிக்குள் இறங்கிவிடுங்கள். கௌரவம் குறையுதா? வண்டி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கோங்க, இ.எம்.ஐ. எப்படியும் நீங்கதானே கட்டறீங்க :-)