வெள்ளம் வருமுன் அணை!

எங்கள் முட்டம் கடற்கரை ஊர். வீடுகள் நெருக்கம். ஒரு பிள்ளைக்கு வயித்துப்போக்கு வந்தால் மறுநாளே பக்கத்து வீட்டுக்கும் வந்துவிடும். சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் அப்படித்தான் ஆனது. பிளீச்சிங் பவுடர் கேட்டுப் போனால், "மேலேயிருந்து பணம் வரணும்லா அக்கா" என்றார்கள். வந்து சேர ஐந்து நாள்! அதற்குள் ஏழு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் குளோரின் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. அவ்வளவு பெரிய துயரத்திலும் முடிந்தது, ஒரு சாதாரண மழைக்கு முடியாதா?

2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில், கிராம சுகாதாரக் குழு ஊரின் தேவைக்குச் செலவழிக்க ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை தர வழி செய்தார்கள். எனக்கே நர்ஸம்மா சொல்லித்தான் இது தெரியும். அந்தப் பணம் மழைக்கு முன்பே குழுவின் கைக்கு வர வேண்டும். பவுடரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஊரிலேயே தயாராக இருக்க வேண்டும். நோய் வந்தபிறகு மனு எழுதி என்ன பயன்?

சகோதரிகளே, அடுத்த கிராம சபைக்கு நாமும் போய்க் கணக்குக் கேட்போமா?

- ஓர் இல்லத்தரசி, முட்டம்.